மதாமின் விரல்

மதாம் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவரைப் பொய்க்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

முத்தியால்பேட்டையில் அவர் வீட்டில் எட்டு வருஷம் குடியிருந்தோம். பிரெஞ்சுக்காரன் காலம். முப்பத்து நாலிலோ முப்பத்தைந்திலோ வெளியே வந்தோம். வருஷம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் மகள் அஞ்சலைக்கு அப்போது பதினேழு வயது. அது மட்டும் தெரியும்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். தெருவில் எல்லாரும் மதாம் என்றார்கள். தமிழ்க்காரர்தான், வேதக்காரர். புருஷன் சைகோனில் குமாஸ்தா வேலை பார்த்து அங்கேயே இறந்துபோனார். மதாம் மூன்று பெட்டிகளோடு கப்பலில் திரும்பி வந்தார். வீட்டின் முன்கட்டில் அவர் இருந்தார். முற்றம் தாண்டிப் பின்கட்டில் இரண்டு குடித்தனம். ஒன்றில் நாங்கள். மற்றதில் யாராவது வருவார்கள், போவார்கள். கிணறு எல்லாருக்கும் பொது.

குடியிருப்பவர்களை அவர் லொக்கத்தேர் என்பார். சுத்தம் என்பதற்கு ப்ரோப்ரு என்பார். அந்த இரண்டு பிரெஞ்சு வார்த்தையும் எங்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது.

அவரை நினைத்தால் முகம் பின்னால்தான் வரும். முதலில் வருவது வலது கை ஆள்காட்டி விரல். ஒரு லொக்கத்தேர் காலி செய்யும் நாளில், சாமான் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, மதாம் உள்ளே வருவார். வெள்ளைப் புடவை. இடுப்பில் சாவிக்கொத்து. இடது கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. அடுப்புக்கு மேலே இருக்கிற சுவரில் விரலை வைத்து ஒரு இழு இழுப்பார். விரலைப் பார்ப்பார். கைக்குட்டையில் துடைப்பார். அந்தக் கைக்குட்டையை விரித்து, போகிறவர்களுக்குக் காட்டுவார். கறுப்பு தெரிந்தால் வண்டி அப்படியே நிற்கும். தேங்காய் நாரையும் செங்கல் தூளையும் எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போக வேண்டும்.

“வந்த மாதிரி உட்டுட்டுப் போவணும்.” அவ்வளவுதான் சொல்வார். கத்த மாட்டார்.

வந்த மாதிரி என்றால் சும்மா இல்லை. சுவரில் கரி எடுத்து வெள்ளை அடிக்க வேண்டும். கிணற்றடியில் பாசி போகத் தேய்க்க வேண்டும். நாம் போட்ட மண் அடுப்பை இடித்து, அந்த இடத்தை மெழுகிக் கொடுக்க வேண்டும். ஆணி கடைசி. சுவரில் அடித்த ஆணியை எல்லாம் பிடுங்கி, ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்து அடைக்க வேண்டும். பிடுங்கிய ஆணியைப் போடுவதற்கு ஒரு டப்பா வைத்திருந்தார். சைகோனிலிருந்து வந்த பிஸ்கோத்து டப்பா. மூடியில் ஒரு கப்பல் படம். அதை மற்ற நாளில் வெளியே எடுக்க மாட்டார். வீடு விடுகிறவர்களுக்குத்தான் அது வரும். தெருவில் யாரிடமாவது, “ஒங்க ஊட்டுக்கு டப்பா வந்துடுச்சா” என்று கேட்டால், காலி பண்ணப் போகிறீர்களா என்று அர்த்தம்.

எங்களுக்கு முன்னால் அந்தப் பின்கட்டில் ஒரு தையல்காரர் இருந்தார். நூல் கட்ட, துணி மாட்ட, சுவர் முழுக்க ஆணி. நாங்கள் குடி வந்த அன்று அவர் இன்னும் காலி செய்து முடிக்கவில்லை. ஏணியில் நின்று பிடுங்கிக்கொண்டிருந்தார். மதாம் கீழே டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொன்றாக விழுந்தது. தையல்காரர் எங்களைப் பார்த்து, “அடிக்கும்போதே யோசிச்சி அடிங்க. இங்க சட்ட மாட்டுறது சுலபம், ஆணி புடுங்குறதுதான் பாடு” என்றார். மதாமும் சிரித்தார். மறுநாள் நான் ஆணி கேட்டேன். அந்த டப்பாவிலிருந்து எண்ணி நாலு கொடுத்தார்.

மூன்று வருஷம் போனபின் இன்னும் இரண்டு கேட்டேன். எண்ணவில்லை. கையை விட்டு அள்ளிக் கொடுத்தார். “நீ லொக்கத்தேர் இல்ல, பொன்னி. நான் இருக்கிற மட்டும் ஒன்னப் போன்னு சொல்ல மாட்டேன்” என்றார். அந்த வார்த்தையை நான் அப்படியே வைத்திருந்தேன். ஒரு எழுத்தும் மாறவில்லை.

ஒரு சமயம் அஞ்சலை ஜுரம் வந்து இருபது நாள் கிடந்தாள். அவள் அப்பா துறைமுகத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்குபவர். கப்பல் வந்து நின்றால் வேலையை விட்டு வர முடியாது. நான் ஒருத்தி. மதாம் காலையில் மாதா கோயிலுக்குப் போய் வந்ததும் நேராக எங்கள் குடித்தனத்துக்கு வருவார். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டுவார். நான் குளிக்க, சமைக்கப் போகும்போது அவர் உட்காருவார். எங்கள் பாயில் உட்காருவார். அவர் வேறு எந்த லொக்கத்தேர் பாயிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவள் தேறியதும் கொக்கி ஊசி ஒன்று கொடுத்து லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அந்தப் பிரியம் பொய் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். பொய்யாக இருந்திருந்தால் இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்காது.

பக்கத்துக் குடித்தனத்தில் ஒரு மாட்டுவண்டிக்காரன் இருந்தான். கள்ளுக்கடையில் யாரையோ அடித்துவிட்டு ஓடி வந்து கிணற்றுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். சிப்பாய் வந்து மதாமிடம் கேட்டான். நான் பார்க்கவில்லை என்று மதாம் சொன்னார். சிப்பாய் நம்பிப் போய்விட்டான். மதாம் சொன்னால் யாரும் நம்புவார்கள். அப்புறம் நான் கேட்டேன், நீங்களா பொய் சொன்னது என்று.

“அவன் ஓடியாந்தப்ப நான் செவுத்தப் பார்த்து நின்னுட்டேன். பார்க்கலன்னு சொன்னது மெய்தானே.”

நாங்கள் நாலைந்து நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நான்தான் ரொம்பச் சிரித்தேன்.

அந்த வண்டிக்காரன் ஆடியில் காலி செய்தான். அவன் பெண்சாதிக்கு எட்டு மாசம். அவர்கள் வீடு விடுகிற வாரம் மதாமுக்குக் காலில் வீக்கம், எழுந்து நடக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டு, எனக்குப் பதிலா நீ போய்ப் பாரு என்று கைக்குட்டையைக் கையில் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை, பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் வயிற்றைத் தூக்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்து கிணற்றடியைத் தேய்த்தாள். சரிப்பட்டது என்று விட்டிருக்கலாம். நான் கைக்குட்டையை வைத்துக் கல் இடுக்கைத் துடைத்தேன். பச்சை வந்தது. காட்டினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ என்னா, மதாமோட வெரலா?”

நான் கைக்குட்டையை மடித்தேன்.

“வெரலயும் கடசியில தொடச்சிக்குவாங்க. பார்த்துக்க” என்றாள். மறுபடி தேய்த்தாள்.

வண்டி கிளம்பியது. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் வீட்டை விட்டுப் போனால் உடனே பெருக்க மாட்டோம். அவர்கள் தெருமுனை தாண்டிப் போக வேண்டும். கொஞ்ச நேரம் ஆக வேண்டும். பிணம் போனால்தான் பின்னாலேயே பெருக்குவது. மதாம் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. வண்டி நகர்ந்ததும் பெருக்கிவிட வேண்டும். வைக்கோலும் சாணியும் வாசலில் கிடப்பது அவருக்கு ஆகாது. நான் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினேன். வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டாள்.

அதற்கு முந்தின வருஷமே அஞ்சலையைப் பெண் கேட்டுக் கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தார்கள். பத்து நிமிஷம் இருந்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. நான் முன்கட்டுக்குப் போய் அழுதேன். மதாம் என்னைத் தேற்றினார். பிறகு, கரிச்சுவரைப் பின்னால் வைத்துக்கொண்டு பெண்ணை நிறுத்தினால் யார் வருவார்கள் என்று கேட்டார். அஞ்சலைக்கு நானும் ஒரு இடம் பார்க்கிறேன் என்றார். அது எனக்குப் போதுமாக இருந்தது. மதாம் சொன்னால் செய்வார்.

அந்த ஆடிக்குப் பின் வந்த கார்த்திகையில் மழை விட்டு வெயில் அடித்த வாரம் அது. மதாம் பின்கட்டுக்கு வந்தார். வண்டிக்காரன் விட்டுப் போன குடித்தனம் ஆடியிலிருந்து பூட்டியே கிடந்தது. ஏன் யாருக்கும் விடவில்லை என்று நான் கேட்டதில்லை. அதையும் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“பொன்னி, ஞாயித்துக்கெழம ரெட்டியார்பாளையத்துலேர்ந்து பார்க்க வராங்க. ஒங்க ஆளுங்கதான். நல்ல மனுஷங்க. பையன் சர்க்கார் புரோ ஆபீசுல வேலையா இருக்கான். எல்லாம் ப்ரோப்ரா இருக்கணும்.”

எப்படிச் செய்ய வேண்டும் என்று அவரே சொன்னார். அடுப்புச் சுவரைச் சுரண்டி வெள்ளை அடி. கிணற்றடியைத் தேய். பூட்டியிருக்கும் குடித்தனத்தையும் சேர்த்து அடித்துவிடு, பக்கத்தில் அது மட்டும் அழுக்காக இருந்தால் நன்றாக இருக்காது என்றார். அதுவும் சரிதான் என்று தோன்றியது.

கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி இரண்டு பானையில் ஊறவைத்தேன். வடிகட்டிக் கொஞ்சம் நீலம் கலந்தேன். நான் ஒரு மட்டை, அஞ்சலை ஒரு மட்டை. நாலு நாள் அடித்தோம். சுண்ணாம்பு பட்டு அவள் கை பொத்துப்போனது. நல்லெண்ணெய் தடவினேன். ரெட்டியார்பாளையத்தில் கிணறு கிட்டத்தில் இருக்குமா, தூரமா என்று கேட்டாள். போனால் தெரிகிறது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு என் கல்யாணப் புடவையைக் கட்டினேன். தலை நிறையப் பூ வைத்தேன். ரவை வறுத்துக் கேசரி கிண்டினேன். அவள் அப்பா சவரம் செய்துகொண்டு, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஐந்து பேர் வந்தார்கள். அப்பா, அம்மா, மூத்த மகன், அவன் பெண்சாதி, அப்புறம் சின்ன மகன். சின்ன மகனுக்கு இருபத்திரண்டு இருக்கும். மதாம்தான் அழைத்து வந்தார். அவர்கள் கையில் பூ பழம் ஒன்றும் இல்லை. அஞ்சலையின் அப்பா அதைக் கவனித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மதாமைப் பார்த்தேன். “இன்னைக்கு சும்மா பார்த்துட்டுப் போவத்தான் வந்திருக்காங்க” என்று மதாம் சொன்னார்.

அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். கோடையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா. மழைக்கு ஓடு ஒழுகுமா. பின்வாசலுக்குத் தாழ்ப்பாள் உண்டா. பெண் எடுக்கிறவர்கள் குடும்பம் எப்படி என்று துருவித்தான் பார்ப்பார்கள். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தண்ணீர் சித்திரையிலும் நிற்கும் என்றேன். சின்ன மகன் தலையைக் குனிந்துகொண்டு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் மெதுவாக அடி வைத்து நடந்தான். கூச்சப்படுகிறான் என்று நினைத்தேன். கட்டில் போட இடம் அளந்திருக்கிறான்.

அஞ்சலை காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குனிந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டாள். அந்த அம்மாள் அவளிடம், “நீதான் வெள்ள அடிச்சியா? நல்லா இருக்கு” என்றாள். பிறகு மதாமைப் பார்த்து, எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றாள். என்னைப் பார்த்து, தையில் கல்யாணத்தை வைத்துக்கொள்கிறோம், அதற்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டால் நல்லது என்றாள். எங்களுக்கும் சந்தோஷம்தான் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மதாம் கேசரி சாப்பிட்டார். நெய் போதும் என்றார். அஞ்சலையின் தலையைப் பார்த்து, பூ நல்லா இருக்கு என்றார்.

சாயங்காலம் பூவை எடுக்கும்போது அஞ்சலை சொன்னாள். “அம்மா, அவரு என்னப் பார்க்கவே இல்ல. செவுத்தத்தான் பார்த்தாரு.”

நல்ல வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று சொன்னேன்.

அதற்கப்புறம் மார்கழி. மார்கழியில் நல்ல காரியம் பேச மாட்டார்கள். அதனால் யாரும் வரவில்லையே என்ற யோசனையே எனக்கு இல்லை. உப்பளத்தில் என் நாத்தனாருக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் நாலு வீட்டுக்குச் சொன்னாள். ஒருநாள் அஞ்சலையின் அப்பா, தட்டு மாற்றாமல் எப்படி என்று கேட்டார். நான் மதாமிடம் போய்க் கேட்டேன். அவர்கள் தைக்கு முன்னால்தான் வருவார்கள், இப்போது வர மாட்டார்கள் என்றார். அதுவும் மெய்தான்.

மார்கழி பாதியில் மதாம் வந்து, அடுப்பை இடித்து மெழுகிவிடு, புது அடுப்பு வரப்போகிறது என்றார். பொங்கலுக்குப் புது அடுப்பு போடுவது எங்கள் வழக்கம். கல்யாணமும் வருகிறது. இடித்தேன். எட்டு வருஷம் சமைத்த அடுப்பு. மண் கல்லாக இறுகியிருந்தது. கடப்பாரை போட்டுத்தான் எடுக்க முடிந்தது. முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் டப்பாவைக் கொண்டுவந்தார். மூடியில் கப்பல் படம். “ஆணியெல்லாம் புடுங்கி இதுல போட்டுடு. ஓட்டைய அடச்சிடு” என்றார். போய்விட்டார்.

அந்த டப்பா எப்போது வரும், எதற்கு வரும் என்று தெருவுக்கே தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் யாரும் இல்லை. ஆனால் என் கையில் இருக்கும்போது எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்குச் சுவர் மழமழவென்று இருக்கட்டும் என்று நினைத்திருப்பார் என்று நினைத்தேன். பிடுங்கினேன். சட்டை ஆணி. விளக்கு ஆணி. சாமி படத்து ஆணி. அஞ்சலை தன் கண்ணாடிக்கு அடித்த சின்ன ஆணி. டப்பாவில் விழுகிற சத்தம் முன்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

அஞ்சலையின் அப்பா துறைமுகத்திலிருந்து வந்தார். தோளில் மூட்டை சாக்குத் தூசி. அடுப்பு இருந்த இடத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

“எப்ப காலி பண்றோம்?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காலி எங்கே பண்ணுகிறோம், கல்யாணத்துக்கு வீட்டைச் சரி பண்ணுகிறோம் என்றேன்.

“ஆணி புடுங்கினா கல்யாணமா?” என்றார். அவர் அவ்வளவுதான் பேசுவார்.

சுத்தியலைக் கீழே வைத்தேன். முற்றத்தைத் தாண்டி முன்கட்டுக்குப் போனேன். மதாம் சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்.

“ஆணி எல்லாம் புடுங்கிட்டேன்” என்றேன்.

“டப்பாவுல போட்டியா?”

“போட்டேன். அஞ்சலைய பார்க்க வந்தவங்க எப்ப வராங்க?”

அவர் ஊசியை மடியில் வைத்தார். “அவங்க ஊடு பார்க்க வந்தவங்க, பொன்னி. சின்னவனுக்குத் தையில கல்யாணம். பொண்ணு விழுப்புரம். எல்லாரும் ஒண்ணா இருக்கப் பெரிய எடமா கேட்டாங்க. பின்கட்டு ரெண்டையும் சேர்த்து உட்டுட்டேன்.”

“பொண்ணு பார்க்கன்னு சொன்னீங்க.”

“பார்க்க வராங்கன்னு சொன்னேன். என்னாத்தன்னு நீ கேக்கல.”

நான் நின்றேன். அவர் சொன்னதை முதலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பார்க்க வருகிறார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள். பூ நன்றாக இருக்கிறது. தைக்கு முன்னால்தான் வருவார்கள். புது அடுப்பு வரப்போகிறது. எல்லாம் மெய். விரலை வைத்து இழுத்தால் எங்கேயும் கரி இல்லை.

“அவளுக்குப் பூ வெச்சி நிறுத்தினேனே. நீங்க பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க” என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார்.

“நீங்க இருக்கிற மட்டும் போன்னு சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க.”

“இப்பவும் நான் போன்னு சொல்லல” என்றார். ஊசியை மறுபடி எடுத்தார். “லொக்கத்தேர்னா ஒரு நாளு ஊட்ட உடத்தான் வேணும்.”

எட்டு வருஷத்தில் அந்தப் பெயரை அவர் எனக்கு வைத்தது அன்றைக்குத்தான்.

நான் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்னவோ. வீடு அவருடையது. யாருக்கு விடுவது என்பது அவர் இஷ்டம். காலி பண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பண்ணியிருப்பேன். அதே வெள்ளையைத்தான் அடித்திருப்பேன். ஒரு மட்டை குறைந்திருக்காது. என் முகத்தைப் பார்த்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவரால் முடியவில்லை. வீடும் சுத்தமாக வேண்டும். அதற்காக என் மகளைப் பூ வைத்து நிற்க விட்டுவிட்டார். வருகிறவர்கள் கண்ணுக்குச் சுவர் வெள்ளையாக இருந்தது. அதன் முன்னால் நின்றவள் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தண்ணீர் நிற்குமா என்று கேட்டார்கள். நிற்கும் என்றேன்.

திரும்பிப் போய் அஞ்சலையிடம் சொன்னேன். அவள் அழவில்லை. “எனக்கு அன்னிக்கே தெரியும்மா” என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்காது. எனக்காகச் சொன்னாள்.

உப்பளத்தில் நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை கிடைத்தது. போகிக்கு இரண்டு நாள் முன்னால் கிளம்பினோம். சாமான் அதிகம் இல்லை. ஒரு கை வண்டி போதும். நான் ஓட்டைகளை அடைத்தேன். மெழுகிய தரை காய்ந்திருந்தது. கிணற்றடியை அன்று காலையிலும் ஒரு தரம் தேய்த்தேன். யாரும் சொல்லவில்லை. கை தானாகச் செய்தது.

மதாம் வந்தார். வெள்ளைப் புடவை. கைக்குட்டை. எனக்கு முன்னால் நடந்து உள்ளே போனார். அடுப்புச் சுவரில் விரலை வைத்து இழுத்தார். பார்த்தார். விரல் வெள்ளையாக இருந்தது. அப்படியும் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த வண்டிக்காரன் பெண்சாதி ஞாபகம் வந்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்ததில்லை.

“ப்ரோப்ரு” என்றார் மதாம்.

அவர் கண் கலங்கியிருந்தது. அதையும் எழுத வேண்டும். கலங்கித்தான் இருந்தது.

அஞ்சலை முன்கட்டுக்குப் போய் அந்தக் கொக்கி ஊசியை அவர் நாற்காலியில் வைத்துவிட்டு வந்தாள். மதாம் பார்த்துவிட்டு, அது உனக்குக் கொடுத்ததுதானே, வைத்துக்கொள் என்றார்.

“வரும்போது இது எங்கிட்ட இல்ல” என்றாள் அஞ்சலை.



அஞ்சலைக்கு அடுத்த ஆனியில் உப்பளத்திலேயே கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க வந்தபோது சுவரில் கரி இருந்தது. நான் எடுக்கவில்லை.

வீடு விட்ட அன்று வண்டியை அவள் அப்பா இழுத்தார். நானும் அஞ்சலையும் பின்னால் தள்ளினோம். தெரு மேடு. பாத்திரம் குலுங்கியது. முனைக்கு இன்னும் நாலு வீடு இருந்தது. பின்னால் சத்தம் கேட்டது. வாசலில் துடைப்பம் போடுகிற சத்தம்.

மதாம் குனிந்து பெருக்கி நான் பார்த்ததில்லை. காலில் வீக்கம் வந்த பிறகு அவரால் குனியவே முடியாது. அப்படியும் அவர்தான் பெருக்கினார், வேறு ஆள் அங்கே இல்லை.

அஞ்சலை திரும்பிப் பார்க்கப் போனாள். திரும்பாதே என்று அவள் தோளைப் பிடித்தேன். எனக்குப் பார்க்க வேண்டியதில்லை. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மற்றவர்கள் போனபோதெல்லாம் பெருக்கியது நான்தான்.